உளியும் ஏடும்

உழைத்துக்கொண்டே கற்றல் நம் நாட்டிற்குப் புதியதன்று. குடும்பப் பாரத்தைத் தாங்கியவாறே பட்டம் பெற்றோர் ஊர்தோறும் உளர். எனினும், கல்லூரிப் படிப்பின் இறுதி ஆண்டில் ஒரு மாணவன் பகுதி நேரப் பணியும் மேற்கொள்வானாயின், அவ்விரண்டையும் ஒருங்கே நடத்துவது எங்ஙனம் என்பது எண்ணிப் பார்த்தற்குரியது. மாணவர்களே, அதனைத் தம்மம்பட்டியை வைத்து ஆராய்வோம்.

சேலம் மாவட்டத்தில் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் அண்மையில் உள்ள இவ்வூர் மரச் சிற்பத்திற்குப் பெயர் பெற்றது. வாகை முதலிய மரங்களில் தெய்வ வடிவங்களையும் கோயில் வாகனங்களையும் செதுக்கும் பட்டறைகள் இங்கு உள்ளன. இத்தொழில் செய்யும் குடும்பத்து இளைஞன் ஒருவன், ஆத்தூரிலுள்ள அரசு கலைக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பயின்றுகொண்டு, எஞ்சிய நேரத்தில் உளி பிடிக்கின்றான் எனக் கொள்வோம். அவனுக்குக் கிடைக்கும் காலம் எவ்வளவு?

ஒரு வாரத்திற்கு 168 மணி. நாளொன்றுக்கு 8 மணி உறக்கம் எனின் 56 மணி கழியும். வகுப்பிற்கு 25 மணியும், பேருந்துப் பயணத்திற்கு 10 மணியும், உணவு, நீராடல், வீட்டு அலுவல் ஆகியவற்றிற்கு 21 மணியும் செல்லும். எஞ்சுவன 56 மணி. நாள்தோறும் 4 மணி பட்டறையில் உழைத்தால் 28 மணி போக, மற்றைய 28 மணி படிப்பிற்கு ஆகும். ஏட்டில் இக்கணக்கு அழகாகவே இருக்கின்றது! மாணவன் என்றது மாணவிக்கும் ஒக்கும். ஆயின், பெரும்பாலான வீடுகளில் மாணவிக்கு ஊதியமில்லாத அடுக்களைப் பணியும் உண்டு. அதனைக் கணக்கில் எழுதாது விடுதல் நேர்மையாகாது.

இக்கணக்கில் மறைந்து நிற்கும் குறை ஒன்று உண்டு. மணிகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. காலையில் தெளிந்த மனத்தோடு கற்கும் ஒரு மணியும், தோள் சோர்ந்து கண் செருகும் இரவில் கற்கும் ஒரு மணியும் எவ்வாறு ஒப்பாகும்? இதனைச் சிற்பியே நன்கு அறிவான். மரத்தை அறுத்து, வேண்டாத பகுதியைக் கொட்டாப்புளியால் தட்டி நீக்கும் தொடக்க வேலையை இடையிடையே நிறுத்தியும் செய்யலாம். பிறரோடு பேசிக்கொண்டும் செய்யலாம். முகம் செதுக்கும் வேலையோ அத்தகையதன்று. நல்ல வெளிச்சமும் ஓய்ந்த கையும் அதற்கு வேண்டும். கண்ணிமையில் உளி சற்றுப் பிசகினும் பல நாள் உழைப்பு வீணாம்.

படிப்பிலும் இவ்விரு வகை உண்டு. குறிப்பெடுத்ததைப் படியெடுத்தலும், முன்பே கற்றதைத் திருப்பிப் பார்த்தலும் பேருந்தில் அமர்ந்தும் செய்யத்தக்கன. புதிய பாடத்தை உணர்தலும், கணக்கிற்கு வழி காணலும், கட்டுரை வரைதலும் முகம் செதுக்குதல் போன்றன. ஆகவே, உழைக்கும் மாணவன் தன் தெளிந்த நேரத்தை முதலில் படிப்பிற்கு எடுத்துவைத்து, மிகுந்ததையே பணிக்கு விற்றல் வேண்டும். பலரும் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர். உறக்கத்தைக் குறைத்து ஈடுசெய்வேன் என்பாரும் உளர். அஃது அசலினும் வட்டி மிகுந்த கடன்.

பணிக்கு ஓர் எல்லை வேண்டும் என்பதைப் பிற நாட்டாரும் உணர்ந்துள்ளனர். பிரிட்டனில் பட்டப் படிப்புப் பயிலும் அயல்நாட்டு மாணவர் கல்வி நடைபெறும் காலத்தில் பொதுவாக வாரத்திற்கு 20 மணிக்கு மேல் பணிபுரிய அந்நாட்டு விதி இடந்தருவதில்லை. ஆஸ்திரேலியா 2023-ஆம் ஆண்டு சூலை முதல் இரு வாரத்திற்கு 48 மணி என வரையறுத்தது. நம் இளைஞனின் 28 மணி இவ்விரண்டையும் கடந்து நிற்றலைக் காண்க.

கணித மேதை இராமாநுசன் 1912-ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்தார். அவர் அப்போது கல்லூரி மாணவர் அல்லர். ஆயினும் கிடைத்த ஓய்வில் எல்லாம் கணிதத்தையே எண்ணினார். அவர்தம் ஆற்றலை அறிந்த சென்னைப் பல்கலைக்கழகம் 1913-இல் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை அளித்து, எழுத்தர் பணியினின்று அவரை விடுவித்தது. அத்துணைப் பெரிய அறிவிற்கும் முழு நேரம் வேண்டியிருந்தது அன்றோ? அப்பணியும் அவரை இகழ்ச்சிக்குள்ளாக்கவில்லை. வறுமைக் காலத்தில் சோறு அளித்தது.

எனவே, எத்துணை மணி உழைப்பது என்பதன்முன், எத்துணைப் பணம் இன்றியமையாதது என்று குடும்பத்தார் கூடி எண்ணுதல் நன்று. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி புகுந்தார்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-இல் மாணவியர்க்கும், 2024-இல் மாணவர்க்கும் தொடங்கியது. இத்தகைய தொகை கைக்கு வருமாயின், அதற்கு ஈடான பட்டறை மணிகளைக் குறைத்துவிடலாம். உதவித்தொகையையும் பெற்று, உழைப்பையும் குறையாது வைத்துக்கொள்ளுதல் பேராசை என்பேன்.

இறுதி ஆண்டில் மற்றுமோர் இடர் உண்டு. பங்குனி, சித்திரைத் திங்கள்களில் கோயில் விழாக்கள் மிகும். வாகன வேலைக்கு விரைவு கூடும். பல்கலைக்கழகத் தேர்வும் அவ்வேனிற் காலத்தையே ஒட்டி வரும். இரண்டும் ஒருங்கே வந்து நின்ற பின் பட்டறைத் தலைவரிடம் விடுப்பு வேண்டினால், ஒப்புக்கொண்ட வேலை கெடுமே என்று அவர் வருந்துவார். தைத் திங்களிலேயே தேர்வுக் காலத்தை அவரிடம் அறிவித்து, மரம் அறுத்தலும் உருத்திரட்டலும் ஆகிய வேலைகளை மாசிக்குள் முடித்துக் கொடுத்துவிடலாம். முகம் செதுக்கும் வேலையை அவ்வாண்டு மூத்தோர் பார்த்துக்கொள்வர். தேர்வு முடிந்த மறுநாள் இளைஞன் மீண்டும் பட்டறை புகலாம். அவனுக்கென ஒதுக்கிய மரம் அங்கே காய்ந்துகொண்டிருக்கும்.