பத்து ரூபாய் காயினை ஒட்டுங்க பாஸ்!

பாக்கெட் மணி சேர்த்து ரிமோட் விமானம் வாங்கியாச்சு. அடுத்து, காரைக்கால் கடற்கரையை மேலேயிருந்து வீடியோ எடுக்கணும், அப்படித்தானே? கேமரா வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்! மெகா பிக்சலைப் பார்க்காதீங்க, கிராமைப் பாருங்க.

கோ-ப்ரோ ஹீரோ 12 கேமராவின் எடை 154 கிராம். சின்ன விமானத்துக்கு அது ஓவர் லோடு. மோபியஸ் ரகக் குட்டி கேமரா சுமார் 40 கிராம்தான். விலையும் குறைவு.

உங்க விமானம் எதைத் தாங்கும்? கடைக்காரர்கள் வாங்க மறுக்கிற பத்து ரூபாய் காயின் இப்போ கைகொடுக்கும்! ஒரு காயின் 7.71 கிராம். 5 காயின் சேர்ந்தா ஒரு மோபியஸ். 20 சேர்ந்தா ஒரு கோ-ப்ரோ. விமானம் விரல் நுனியில் சமமா நிற்கிற இடத்தில், டேப் போட்டு இறுக்கமா ஒட்டிப் பறக்க விடுங்க. மேலே ஏறத் திணறுதா? அந்த எடை வேண்டவே வேண்டாம்.

வாங்கின பிறகு வீடியோ ஜெல்லி மாதிரி ஆடினா கேமராவைத் திட்டாதீங்க. ப்ரொப்பெல்லர் அதிர்வுதான் வில்லன். படத்தை வரிவரியாப் பதிவு செய்கிற கேமராவில் அந்த அதிர்வு அலையாத் தெரியும். ப்ரொப்பெல்லரின் இரு பக்க எடையையும் சமப்படுத்துங்க. கேமராவுக்கு அடியில் ஸ்பாஞ்ச் டேப் ஒட்டுங்க.

முதல் ட்ரையல் பீச்சில் வேண்டாம். காற்று இழுத்துக்கிட்டுப் போனா விமானம், கேமரா ரெண்டும் கடலுக்கே சொந்தம்! அறுவடை முடிஞ்ச வயல்தான் சேஃப். துறைமுகமும் கடலோரக் காவல்படையும் இருக்கிற ஊர் இது. அதனால 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் அந்த இடம் பச்சை மண்டலமான்னு பார்த்துட்டுப் பறக்க விடுங்க.

காயின் பாஸானா, கேமராவும் பாஸ்!