அக்கினிக்கு அளந்த ஆகாரம்

1937-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் தேதி, இங்கிலாந்தில் ரக்பி நகரத்துத் தொழிற்சாலையொன்றின் கூடத்தில், பிரிட்டிஷ் விமானப் படையைச் சேர்ந்த இருபத்தொன்பது வயது அதிகாரியான ஃபிராங்க் விட்டில், ஏழு வருஷங்களுக்கு முன் காகிதத்தில் வரைந்து உரிமை பதிவு செய்துகொண்ட தம்முடைய ஜெட் யந்திரத்துக்கு முதன்முதலாக உயிர் கொடுக்க முனைந்தார். மின்சார மோட்டாரின் உதவியால் சுழலி நிமிஷத்துக்கு 2,000 சுற்றை எட்டியதும், சிறு சுடர் பற்றிக்கொண்டதைக் கண்ணாடித் துவாரத்தின் வழியே பார்த்து உறுதி செய்துகொண்டு, பிரதான எரிபொருள் வால்வைத் திறந்தார். ஓரிரு வினாடி வேகம் மெல்ல ஏறியது. பிறகு, யுத்த காலத்து அபாயச் சங்கு போன்ற ஓலத்தோடு அது தறிகெட்டு ஏறத் தொடங்க, எரி அறையின் வெளிச்சுவரில் பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் போன்ற சிவந்த திட்டுகள் தோன்றின. உடனிருந்தவர்கள் நாற்புறமும் ஓடினார்கள். சிலர் அருகே கிடந்த பெரிய நீராவி டர்பைன் கூடுகளுக்குள் புகுந்துகொண்டார்கள். விட்டில் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று வால்வைத் திருகி மூடினார். மூடியும் பயனில்லை. 8,000 சுற்றுவரை ஏறி, பிறகு தானாகவேதான் அந்த ஆவேசம் தணிந்தது.

பம்பு ஸ்டவ்வை வைத்துப் புழங்கிய வீட்டாருக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. பர்னர் சரியாகச் சூடேறுமுன் பம்பு அடித்தால், ஆவியாக வரவேண்டிய மண்ணெண்ணெய் திரவமாகவே வழிந்து கிண்ணத்தில் தேங்கி, ஒரே மூச்சில் பற்றிக் கூரையை நோக்கி எழும். அப்பொழுது திருகைத் தளர்த்தி என்ன பயன்? விட்டிலின் யந்திரத்திலும் சோதனைக்கு முன் குழாயைச் சரிபார்த்தபோது கசிந்த எரிபொருள் அறையின் அடியில் குளமாகத் தேங்கியிருந்தது. மூடிய வால்வுக்கு அப்பால் இருந்த அந்தக் குளம் வற்றும்வரை நெருப்பு அவர் கைக்கு அடங்கவில்லை. அடியில் ஒரு வடிகால் வைத்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. அப்படியொரு வடிகால் இன்றைய ஜெட் யந்திரங்களிலும் உண்டு.

இத்தகைய வாயு டர்பைனின் சரித்திரத்தைச் சொல்லுகிறவர்கள் அது எவ்வளவு சக்தியைப் பெற்றது என்பதையே பெரும்பாலும் விஸ்தரிக்கிறார்கள். அந்த நெருப்புக்கு எந்தக் க்ஷணத்தில் எவ்வளவு ஆகாரம் கொடுப்பது என்று மனிதன் கற்றுக்கொண்ட கதையே எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது.

யந்திரத்தின் அமைப்பு எளியது. முன்னால் காற்றை அமுக்கும் கம்ப்ரஸர், நடுவில் எரி அறை, பின்னால் சூடான வாயு மோதிச் சுழற்றும் டர்பைன். முதலாவதும் கடைசியும் ஒரே தண்டில் கோத்தவை. டர்பைன் சம்பாதிப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, கம்ப்ரஸரைச் சுழற்றுவதிலேயே செலவாகிவிடுகிறது. பெட்ரோல் கார் ஓட்டுகிறவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது காற்றுக்கு ஒரு கதவு திறக்கிறது. இங்கோ அத்தகைய கதவு கிடையாது. தண்டு சுழலும் வேகமே வந்து சேரும் காற்றை நிர்ணயிக்கிறது. அந்த வேகத்தை எரிபொருள் நிர்ணயிக்கிறது. எவ்வளவு எரிபொருளைத் தாங்கலாம் என்பதையோ அந்தக் காற்றுதான் நிர்ணயிக்கிறது. வட்டமாகச் சுற்றி வரும் இந்தப் பந்தத்தில் விமானி தொடக்கூடியது எரிபொருள் ஒன்றைத்தான்.

அந்தக் காற்றை நெருப்பு நுகரும் முறையும் விசித்திரமானது. மண்ணெண்ணெய் செவ்வையாக எரிவதற்கு அதன் எடையைப் போல் பதினைந்து மடங்கு காற்று போதும். ஆனால் யந்திரத்துக்குள் வருவதோ நாற்பத்தைந்து மடங்கிலிருந்து நூற்று முப்பது மடங்கு வரை. அத்தனையும் ஒருங்கே சுடரின்மேல் பாய்ந்தால் விளக்கை ஊதி அணைத்த கதையாகும். ஆகையால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மட்டும் முன்வாசல் வழியே விட்டு, அதையும் சுழித்து, அந்தச் சுழியின் மறைவில் சுடரை நிலைநிறுத்துகிறார்கள். எஞ்சிய காற்று சுவரை ஒட்டி ஓடி அதைக் குளிர்வித்து, 2,000 டிகிரி சென்டிகிரேடை நெருங்கும் வாயுவோடு கலந்து, டர்பைனின் அலகுகள் பொறுக்கும் அளவுக்கு உஷ்ணத்தை இறக்குகிறது. எரிவதற்கு வந்த காற்றைக் காட்டிலும் காப்பதற்கு வந்த காற்றே அதிகம்.

இனி, அவசரப்பட்டு எரிபொருளை மிகுதியாகக் கொட்டினால் நேர்வதைப் பார்ப்போம். தண்டு கனமானது, அது வேகம் பிடிக்க அவகாசம் வேண்டும். நெருப்போ அந்த க்ஷணமே பெருகிவிடும். பெருத்த வாயு டர்பைனின் குறுகிய வாசலில் முட்டி நிற்க, அதன் அழுத்தம் பின்னோக்கிக் கம்ப்ரஸரைத் தள்ள, அங்குள்ள நூற்றுக்கணக்கான சிறு இறக்கைகளில் காற்று ஒட்டாமல் பிரிந்து, முன்னே போக வேண்டிய ஓட்டம் பின்னே திரும்பி, பீரங்கி வெடித்தாற்போன்ற ஓசை எழுகிறது. ‘சர்ஜ்’ என்று பொறியாளர்கள் சொல்லும் இந்த விபரீதம், ஒரு நல்ல யந்திரத்தையும் சில வினாடிகளில் பாழாக்க வல்லது. மாறாக, எரிபொருளைச் சட்டென்று குறைத்தால், இன்னும் வேகம் தணியாத தண்டு தள்ளும் காற்று வெள்ளத்தில் சுடர் அணைந்துபோகிறது. இவ்விரண்டு பள்ளங்களுக்கும் இடையே ஓடும் வரப்பின்மேல்தான் யந்திரம் எந்நேரமும் நடந்தாக வேண்டும். அந்த வரப்பும் உயரத்துக்கு உயரம், குளிருக்கும் வெயிலுக்கும் ஏற்ப, இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியரின் மெஸ்ஸர்ஷ்மிட் 262 விமானத்தை ஓட்டியவர்கள் இந்த வரப்பைக் கையின் ஸ்பரிசத்தாலேயே உணர வேண்டியிருந்தது. அதன் ஜூமோ 004 யந்திரத்தின் கைப்பிடியைச் சற்று வேகமாகத் தள்ளினாலும் தீ மிஞ்சும், அல்லது அணையும். தரையிறங்க வேகத்தைக் குறைத்துவிட்டால் திடீரென மீண்டும் சக்தி பெற வழியில்லை. வானத்தில் எட்டிப் பிடிக்க முடியாத அந்த விமானத்தை, எதிரிகள் அதன் நிலையத்தருகே காத்திருந்து, இறங்கும் வேளையில் தாக்கினார்கள்.

கையின் பொறுப்பை உலோகத்திடம் ஒப்புவித்த மேதைகளை நாம் போதிய அளவு போற்றவில்லை என்பது என் எண்ணம். ஐம்பதுகளின் எரிபொருள் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றைப் பிரித்தால், நீராவி யந்திரத்துக்கு ஜேம்ஸ் வாட் மாட்டிய அதே வம்சத்துச் சுழலும் குண்டுகள் வேகத்தை அளக்கும். அழுத்தம் அறியச் சுருங்கி விரியும் உலோகத் துருத்தி இருக்கும். இவற்றுக்கு நடுவே, எந்த வடிவ சாஸ்திரத்துக்கும் அகப்படாத மேடு பள்ளங்களோடு, கைக்கடக்கமான ஓர் எஃகுத் துண்டு இருக்கும். ‘கேம்’ எனப்படும் அது வெப்பத்துக்கேற்பத் திரும்பும், வேகத்துக்கேற்ப நீளவாட்டில் நகரும். அதன் முதுகைத் தடவிச் செல்லும் சிறு விரல் ஒன்று எந்த இடத்தில் நிற்கிறதோ, அந்த உயரமே அந்தக் க்ஷணத்தில் கொடுக்கத்தக்க எரிபொருளின் உச்ச அளவு. அந்த மேடு பள்ளங்கள், சோதனைக் கூடத்தில் எத்தனையோ சர்ஜுகளைக் கண்டு வாங்கிய அனுபவம் எஃகில் எழுதப்பட்ட ஏடு. யந்திரத்தின் மற்ற அங்கங்களை இயக்கும் எண்ணெயாகவும் அந்த எரிபொருளே வேலை செய்தது என்பது இன்னொரு நேர்த்தி.

எஃகில் எழுதியதைக் கணிப்பொறியில் எழுதும் காலம் பின்னால் வந்தது. 1984-இல் போயிங் 757-இல் பறந்த பிராட் அண்ட் விட்னி 2037 யந்திரம், எரிபொருளை முழுவதும் கணிப்பொறியின் பொறுப்பில் விட்டு, பிரயாணிகளைச் சுமந்தவற்றுள் முதலாவது. ‘ஃபேடெக்’ என்று சுருக்கி அழைக்கப்படும் இந்த அமைப்பில் ஒன்றுக்கொன்று துணையாக இரண்டு கணிப்பொறிகள் உண்டு. யந்திரமே சுழற்றும் தனி ஜெனரேட்டரிலிருந்து அவை மின்சாரம் பெறுகின்றன. விமானியின் கைப்பிடிக்கும் வால்வுக்கும் இடையே இப்போது கம்பியிழைக் கயிறு எதுவும் கிடையாது. அவர் முன்னே தள்ளும்போது செய்வது ஒரு விண்ணப்பம்தான். காற்றின் அளவு, உஷ்ணம், அழுத்தம் யாவற்றையும் பார்த்து, வரப்பை விட்டு விழாத அளவுக்கே அது நிறைவேற்றப்படுகிறது. பறக்கும்போது அடங்கியிருக்கும் யந்திரம், கேட்ட எட்டு வினாடிக்குள், இறங்காமல் மீண்டும் மேலேறப் போதுமான சக்தியைத் தந்தாக வேண்டுமென்று சட்டமே இருக்கிறது.

ஆயினும், 2008 ஜனவரி 17-ஆம் தேதி பீக்கிங்கிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு 152 பேருடன் வந்து இறங்கவிருந்த போயிங் 777 விமானத்தில், ஓடுபாதை கண்ணெதிரே தெரிய, இரண்டு யந்திரங்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சக்தி குறைந்தன. கணிப்பொறிகள் தம் கடமையைச் செய்தன: சக்தி போதவில்லை என்று கண்டு, அளவு வால்வை முழுவதுமாகத் திறந்தன. திறந்தும் எரிபொருள் வரவில்லை. விமானம் ஓடுபாதைக்குச் சுமார் 330 மீட்டர் முன்னதாகப் புல்தரையில் வந்து விழுந்தது; தெய்வாதீனமாக ஒருவரும் உயிரிழக்கவில்லை. ஸைபீரிய வானத்தின் கடுங்குளிரில் நெடுநேரம் பறந்தபோது எரிபொருளில் கலந்திருந்த சிறிதளவு நீர் குழாய்களின் உட்சுவரில் பனியாகப் படிந்து, இறங்கும்போது பெயர்ந்து வந்து, எரிபொருளைச் சூடாக்கும் கருவியின் வாயை அடைத்ததே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அந்தக் கருவியின் முகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மெல்லிய குழாய்களின் நுனிகள் தட்டை விட்டுச் சில மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருந்தன. பனி பற்றிக்கொள்ள அந்த இடம் போதுமானதாயிற்று. குழாய்களின் நுனி தட்டோடு சமமாக இருக்கும்படி புதிதாக வடிவமைத்து, அந்த வகை யந்திரங்களில் ஒவ்வொன்றாக மாற்றி வைத்தார்கள்.