தங்கவயலின் ஈரத் தரைகள்

கான்கிரீட் தளத்தில் ஊறும் ஈரத்தை மேலே பூசி நிறுத்த முடியாது. தடுக்க வேண்டிய இடம் அடியில். நேரம், கட்டுவதற்கு முன்.

மழை விட்டுச் சில நாளான பிறகும் கோலார் தங்கவயலின் தாழ்வான லைன் வீடுகளில் காலையில் சுருட்டும் பாயின் அடிப்பக்கம் சில்லென்றிருக்கும். கூரை ஒழுகவில்லை. குழாய் உடையவில்லை. தண்ணீர் கீழேயிருந்து வருகிறது.

நிலத்தடி நீருடன் போராடுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. 3 கிலோமீட்டருக்கும் கீழே போன சாம்பியன் ரீஃப் உள்ளிட்ட சுரங்கங்களிலிருந்து பம்புகள் நீரை இறைத்துக்கொண்டே இருந்தன. 2001ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. பம்புகளும் நின்றன, சுரங்கங்களில் நீர் நிரம்பியது. வீட்டுத் தரை ஈரத்துக்கும் அதுதான் காரணம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அதற்குச் சுரங்க நீர் தேவையில்லை, ஒரு நல்ல மழை போதும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மண்ணின் நுண்ணிய இடைவெளிகள் வழியாக நீர் மேலேறுகிறது. களிமண்ணில் அது பல அடி ஏறும். பார்வைக்குக் கல்போல இருக்கும் கான்கிரீட்டிலும் நுண்துளைகள் உண்டு.

ஏறும் ஈரம் சிமெண்ட்டின் காரத்தையும் உப்புகளையும் கரைத்துக்கொண்டு வருகிறது. டைல்ஸ் இடுக்குகளில் உப்பு பூக்கிறது. வினைல் விரிப்பின் பசை இளகிப் பிய்த்துக்கொண்டு வருகிறது. சுரங்கம் மூடியபோது கிடைத்த பணத்திலோ, தினமும் ரயிலேறி பெங்களூர் போய்ச் சம்பாதித்த பணத்திலோ புதுத் தரை போட்டவர்களுக்கு இது சாதாரண நஷ்டமல்ல. பணத்தோடும் முடிவதில்லை. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகள் சுவாச நோயை அதிகப்படுத்தும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009ல் எச்சரித்தது. பாறைத் தூசியை மூச்சில் வாங்கி சிலிகோசிஸுக்கு ஆளான தொழிலாளர்களின் ஊருக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும்.

தீர்வு வரைபடத்திலேயே தொடங்க வேண்டும். வீட்டின் தளமட்டம் சுற்றுப்புறத் தரையைவிட ஒன்றரை அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். வெளித்தரை சுவரிலிருந்து 10 அடி தூரத்துக்குள் அரையடி சரிந்தால் மழைநீர் அஸ்திவாரத்தில் தேங்காது. கெட்டித்த மண்ணின் மேல் நாலங்குல ஜல்லிப் படுகை வேண்டும். ஜல்லிக்கு நடுவே உள்ள பெரிய இடைவெளிகளில் நீர் ஏற முடியாது.

ஆனால் ஆவியை ஜல்லி தடுக்காது. அதற்குத்தான் பாலிதீன் ஷீட். குறைந்தது 250 மைக்ரான் தடிமன், இணைப்பில் அரையடி ஒன்றன்மேல் ஒன்று படிந்து டேப் ஒட்டியிருக்க வேண்டும். கம்பி கட்டுபவரின் காலடியில் கிழிந்தால் உடனே ஒட்ட வேண்டும். ஷீட்டுக்கு மேல் மணல் பரப்பி, அதன்மேல் கான்கிரீட் போடும் வழக்கம் அமெரிக்காவிலும் நெடுங்காலம் இருந்தது. அந்த மணலே தண்ணீர்த் தொட்டியாகிவிடுவதைக் கண்டபின், ஈரம் தாங்காத விரிப்பு வரும் தரைகளில் ஷீட்டை நேரடியாகக் கான்கிரீட்டின் அடியில் வைக்கும்படி அமெரிக்க கான்கிரீட் நிறுவனம் 2001ல் பரிந்துரையை மாற்றியது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அடியில் ஷீட் இருந்தால் தளம் மேற்புறம் மட்டுமே உலரும். ஓரங்கள் சுருண்டு எழும்பலாம். அதனால் கலவையில் தண்ணீர் குறைவாக இருப்பது முக்கியம்: 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் கூடாது. பரப்புவதற்கு வசதியாக இருக்குமென்று இன்னொரு வாளி ஊற்றும் வழக்கம்தான் பாதி வினைக்குக் காரணம். ஒரு வாரமாவது நீராற்ற வேண்டும். பிறகு அங்குலத்துக்கு ஒரு மாதம் உலரவிடுவது உத்தேசக் கணக்கு; நாலங்குலத் தளத்துக்கு நாலு மாதம். கிரகப்பிரவேசத் தேதி குறித்தவர்களுக்குப் பிடிக்காத கணக்கு இது.

பழைய தரையைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் துண்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பிரித்துப் பார்க்கலாம். அடிப்பக்கம் நீர் முத்துகள் நின்றால் ஈரம் தரையிலிருந்து வருகிறது. நிற்காவிட்டால் ஆபத்தே இல்லை என்று அர்த்தமல்ல; வெயில் காலத்தில் ஏமாற்றிவிடும். ஈரம் உறுதியானால் அதன்மேல் டைல்ஸ் ஒட்டுவது வீண்செலவு. முதலில் வாசலில் மேடாகிவிட்ட மண்ணை வெட்டிச் சாக்கடையைச் சரிசெய்ய வேண்டும். அப்படியும் போகாவிட்டால், தளத்தைப் பெயர்த்து ஷீட் போட்டுத்தான் ஆக வேண்டும்.

தங்கத்துக்காக 3 கிலோமீட்டர் இறங்கிய ஊர் இது. வீட்டுத் தரைக்கு ஓரடி ஆழம் யோசித்தால் போதும்.