மட்டையும் பந்தும் ஒரு குடம் நீர்மோரும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லிப் பானையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினால், எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை என்று ஒருவர் இருக்கமாட்டார். பிள்ளை போனால் சரி, வயசு அப்படி என்று விட்டுவிடலாம். பிள்ளையோடு சேர்ந்து அப்பாவும் போய்விட்டால்? ஐம்பது வயதுக்கு மேல், முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டு, தலையில் தொப்பியும் போட்டுக்கொண்டு! எல்லாம் இந்தக் கிரிக்கெட் படுத்தும் பாடு.

"பெண்கள் பத்திரிகையில் இதெல்லாம் எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. நான் சொல்லப் போவது ஆட்டக் கணக்கு அல்ல. எங்கள் ஊரில் செத்துப்போன ஒரு கிரிக்கெட் குழு மறுபடி உயிர் பெற்ற கதை. அதில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் நடுவே, கும்பகோணம் சாலையில் இருக்கிறது எங்கள் காடாம்புலியூர். செம்மண் பூமி. பலாவும் முந்திரியும் மல்லாட்டையும்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. முந்திரிக் கொட்டை உடைக்கிற வேலையில் கை கறுத்துப் போகாத பெண்கள் இந்தப் பக்கம் குறைவு. ஒரு பக்கம் நெய்வேலி டவுன்ஷிப்பில் விளக்கும் விளையாட்டு அரங்கமும். இந்தப் பக்கம் தோப்புக்கு நடுவே ஒரு தரிசு நிலம். அதுதான் எங்கள் பையன்களின் மைதானம்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் என் கணவர் அந்தக் குழுவில் பந்து வீசுகிறவர். அப்போது 'பெட் மேட்ச்' என்று ஒன்று உண்டு. ஆளுக்கு இவ்வளவு என்று பணம் கட்டி ஆடுவார்கள், ஜெயிக்கிறவர்களுக்கு மொத்தமும். பணம் வந்தால் பின்னாலேயே சாராய வாடையும் வரும், இல்லையா? ஒரு நாள் பக்கத்து ஊர்க் குழுவோடு 'அவுட்டா, இல்லையா' என்று வாய்ச்சண்டை. வாய்ச்சண்டை கைச்சண்டையாகி, ஸ்டம்பைப் பிடுங்கி ஒருவர் அடித்ததில் என் கணவருக்குப் புருவத்தில் நாலு தையல். மூத்த பிள்ளை அப்போது கைக்குழந்தை. ரத்தச் சட்டையோடு அவர் வாசலில் வந்து நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதோடு இரண்டு ஊருக்கும் பேச்சு வார்த்தை நின்றது. குழுவும் கலைந்தது.

மிச்சம் இருந்த ஆசையை 'தானே' புயல் அள்ளிக்கொண்டு போனது. 2011 டிசம்பர் 30-ம் தேதி விடியற்காலை. தாத்தா வைத்த பலா, அப்பா வைத்த முந்திரி எல்லாம் ஒரே நாளில் வேரோடு சாய்ந்தன. பொழுது விடிந்து தோப்புக்குப் போய்ப் பார்த்த பெண்கள், வீட்டில் சாவு விழுந்த மாதிரி மண்ணில் உட்கார்ந்து அழுதோம். புதுக் கன்று வைத்தால் காய்க்கும் வரை என்ன சாப்பிடுவது? இளவட்டங்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வெளிநாட்டுக்குமாகக் கிளம்பிப் போனார்கள். மைதானத்தில் வேலிக்காத்தான் முளைத்தது.

"அம்மா, நீ மட்டும் சரின்னு சொல்லு"

வருஷங்கள் ஓடின. இரண்டாவது பிள்ளை பிளஸ் ஒன் படிக்கும்போது, மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கையில் செல்போன்தான். கூப்பிட்டால் காது கேட்காது. சாப்பாட்டுத் தட்டில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்கமாட்டான். 'கண்ணு கெட்டுப் போகும்டா' என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

அப்படிப்பட்டவன் ஒருநாள் என் பின்னாலேயே அடுப்படிக்கு வந்தான். "அம்மா, நாங்க பழைய டீமைத் திரும்ப ஆரம்பிக்கப் போறோம். அப்பா வேண்டாங்கறார். நீ மட்டும் சரின்னு சொல்லு."

எனக்குப் புருவத்துத் தையல்தான் ஞாபகம் வந்தது. "ஒண்ணும் வேண்டாம், போய்ப் படி" என்றேன். அவன் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். நாலாம் நாள் யோசித்தேன். செல்போனை வைத்துவிட்டு வெயிலில் ஓடுகிறேன் என்று ஒரு பிள்ளை தானாகக் கேட்கிறான். அதையும் வேண்டாம் என்றால் பிறகு அவனை எதில்தான் விடுவது?

சரி என்றேன், மூன்று நிபந்தனைகளோடு. பணம் கட்டி ஆடக்கூடாது. எல்லாம் சிநேக ஆட்டம்தான். குடித்துவிட்டு வருகிற யாரும் மைதானத்துக்குள் கால் வைக்கக் கூடாது, அது பெரியப்பாவானாலும் சரி. மூன்றாவது, மேலத்தெரு கீழத்தெரு என்று பார்க்காமல் எல்லாத் தெருப் பையன்களும் சேர்ந்து ஆடி, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

"அதெல்லாம் நாங்க எப்பவோ பேசி வச்சுட்டோம்மா. உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றான் பிள்ளை. சுருக்கென்றது. உண்மைதானே?

போன வருஷம் தை பிறந்ததும் வேலிக்காத்தானை வெட்டி, மண்ணைச் சமன் செய்து, தண்ணீர் தெளித்து உருட்டினார்கள். 'வேண்டாம்' என்று சொன்ன என் கணவர், இரண்டாவது வாரமே "பந்தை இப்படிப் பிடிக்கணும்டா" என்று போய் நின்றுவிட்டார்! தை முதல் பங்குனி வரை ஆறு ஆட்டங்கள், ஆளுக்குப் பன்னிரண்டு ஓவர். வருகிற ஊர்க்காரர்களுக்குச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. நாங்கள் போனால் அவர்கள் பொறுப்பு. எலுமிச்சை சாதம், தயிர் சாதம், அவித்த மல்லாட்டை, ஒரு குடம் நீர்மோர். வீட்டுக்கு ஒரு படி அரிசி. எந்தெந்தத் தெருவிலிருந்தோ வந்த பெண்கள் ஒரே அடுப்படியில் நின்று தாளித்தோம். அதுவரை முகம் மட்டும் தெரிந்தவர்களின் பெயரெல்லாம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த நாலாவது ஆட்டம்

நாலாவது ஆட்டம் அந்தப் பழைய சண்டைக்கார ஊரோடு. எனக்கு முதல் நாள் இரவு தூக்கமே வரவில்லை. வேன் வந்து நின்றது. பையன்களோடு நடுவராக ஒரு பெரியவரும் இறங்கினார். நரைத்த தலை, கொஞ்சம் தொந்தி. என் கணவர் மெதுவாக, "அவர்தான்" என்றார். ஸ்டம்பால் அடித்தவர்!

மோர் கொடுக்கும் முறை என்னுடையது. டம்ளரை நீட்டும்போது என் கை நடுங்கியது. அவர் வாங்கிக்கொண்டு, "தங்கச்சி, அன்னிக்கு நான் நிதானத்துல இல்லம்மா" என்று மட்டும் சொன்னார். "குடிங்கண்ணா, வெயில்ல வந்திருக்கீங்க" என்றேன். அதற்குமேல் எனக்கும் பேச்சு வரவில்லை.

ஆட்டம் கடைசி ஓவருக்கு வந்துவிட்டது. ஆறு ரன் வேண்டும். மட்டை பிடித்திருப்பவன் என் பிள்ளை. பந்து கீப்பர் கைக்குப் போனது. அவர்கள் எல்லோரும் 'அவுட்' என்று கத்தினார்கள். அந்தப் பெரியவர் 'இல்லை' என்று தலையை ஆட்டிவிட்டார். இரண்டு பக்கமும் ஒரே அமைதி. பழைய சண்டை இப்படித்தானே ஆரம்பித்தது! என் வயிற்றைப் பிசைந்தது. பிள்ளை மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "மட்டையில பட்டுச்சு, பெரியப்பா" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்து வந்துவிட்டான்.

நாங்கள் தோற்றோம். ஆனால் அன்றைக்கு ஒரே பந்தியில் இரண்டு ஊரும் உட்கார்ந்து சாப்பிட்டபோது, நூறு ரன் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்திருக்காது. ஆறில் மூன்று ஜெயம், இரண்டு தோல்வி, ஒன்று சமம். இதுதான் எங்கள் பருவத்துக் கணக்கு.

அம்மாக்களுக்கும் பங்கு உண்டு

கிராமத்துத் தரிசில் ஆடி என்ன கிடைக்கும் என்பவர்களுக்குச் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனைச் சொல்வேன். அப்பா தறிக் கூலி, அம்மா சாலையோரக் கடை. டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த பிள்ளை, 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்காக முதல்முறை ஆடினார். அதைவிட எனக்குப் பிடித்தது, 2023-ல் சொந்த ஊரிலேயே பிள்ளைகளுக்கு ஒரு மைதானம் அமைத்துக் கொடுத்ததுதான்.

இங்கிலாந்தில் பெரிய ஆட்டக்காரராக விளங்கிய டபிள்யூ. ஜி. கிரேஸ் வீட்டிலும் இப்படித்தான். பழத் தோட்டத்தில்தான் பிள்ளைகளுக்குப் பயிற்சி. அம்மா மார்த்தா ஆட்டத்தின் நுணுக்கம் அறிந்தவர். 1884-ல் அவர் காலமான செய்தி வந்தபோது, மகன்கள் ஆடிக்கொண்டிருந்த பந்தயத்தையே நிறுத்திவிட்டார்களாம்.

நம் பெண்கள் மட்டும் சளைத்தவர்களா? 1745-லேயே இங்கிலாந்தில் இரண்டு கிராமத்துப் பெண்கள் கிரிக்கெட் ஆடியிருக்கிறார்கள். 2025 நவம்பர் 2-ம் தேதி இரவு, ஹர்மன்பிரீத் கௌர் தலைமையில் நம் பெண்கள் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று உலகக் கோப்பையைத் தூக்கியதைத் தெருவே விழித்திருந்து பார்த்தது. அதுவரை ஸ்கோர் நோட்டு எழுதிக்கொண்டிருந்த என் கடைக்குட்டி, மறுநாள் நோட்டை அண்ணன் கையில் கொடுத்துவிட்டாள். "இனிமே நீ எழுது, நான் ஆடறேன்." இப்போது சனிக்கிழமை மாலையில் பெண்பிள்ளைகளும் ஆடுகிறார்கள். சில வீடுகளில் முணுமுணுப்பு இருக்கிறது. இருக்கட்டும், அதுவும் அடங்கும்.

விளையாடப் போகும் பிள்ளைக்கு

* சின்னப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் பந்தே போதும். அது 60 கிராமுக்கும் குறைவு. தோல் பந்து 160 கிராம் போல இருக்கும். கெட்டிப் பந்து என்றால் ஹெல்மெட், காலுக்குப் பேட், கையுறை இல்லாமல் விடாதீர்கள்.
* தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அடிக்கடி தண்ணீர், உப்புப் போட்ட மோர் கொடுங்கள். உச்சி வெயிலில் ஆட்டம் வேண்டாம்.
* வெயிலில் மயங்கினால் நிழலில் படுக்க வைத்து, ஈரத் துணியால் உடம்பைத் துடைத்து விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.
* சுளுக்குக்கு உடனே எண்ணெய் போட்டு நீவக் கூடாது. ஐஸைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைத்து, காலை உயர்த்தி வையுங்கள். கால் ஊன்ற முடியவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.
* நிரந்தரப் பல் விழுந்தால் வேரைத் தொடாமல் எடுத்து, பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் போங்கள். திரும்பப் பொருத்த வாய்ப்புண்டு.
* தலையில் அடிபட்டு வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல் இருந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அடுத்த தையில் மறுபடி அந்த ஊர்க்காரர்கள் வரப் போகிறார்கள். இந்தத் தடவை சாதத்தோடு பலாக்கொட்டைப் பொரியலும் செய்யலாம் என்றிருக்கிறேன். பருவத்தில் கொட்டையைக் காய வைத்து மண்ணில் போட்டு வைத்தால் கெடாது. உங்கள் ஊரிலும் முள் மண்டிக் கிடக்கும் மைதானம் ஒன்று இருக்குமே? பிள்ளை வந்து கேட்டால், உடனே 'போய்ப் படி' என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு குடம் மோர் கலக்கி வையுங்கள்.