உங்க ரூம் மூச்சு விடுதா?

காலையில எந்திரிச்சதும் வரிசையா அஞ்சு தும்மல். மூக்கு கப்புனு அடைச்சிருக்கு. பஸ் ஏறி காலேஜ் போனா எல்லாம் சரியாகிடுது. சாயங்காலம் ரூமுக்குள்ள நுழைஞ்சா மறுபடியும் தும்மல். 'சளி பிடிச்சிருக்கு மச்சி'னு ஒரு மாத்திரையைப் போட்டுட்டுக் குப்புறப் படுத்துடறீங்க. ஒரு நிமிஷம் பாஸ்... சளி பிடிச்சிருக்கறது உங்களுக்கா, இல்லை உங்க ரூமுக்கா?

உடுமலைப்பேட்டையில ஆடி மாசக் காத்து எப்படி அடிக்கும்னு உங்களுக்கே தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற அந்தக் காத்தை நம்பித்தான் பூளவாடி, குடிமங்கலம் பக்கமெல்லாம் காத்தாடிகள் சுத்திக்கிட்டு இருக்கு. ஆனா நம்ம ரூம் ஜன்னல்? புழுதி வரும், கொசு வரும்னு இழுத்துச் சாத்தியாச்சு! ஊருக்கே கரன்ட் கொடுக்கிற காத்துக்கு, நம்ம கட்டிலுக்குப் பக்கத்துல வர அனுமதி இல்லை.

இன்னொரு வேடிக்கையும் இருக்கு. ஸ்பின்னிங் மில்லுல வேலை பார்க்கிற அப்பாவையோ அக்காவையோ கேட்டுப் பாருங்க. காத்துல ஈரம் எவ்வளவுனு அங்கே அளந்துக்கிட்டே இருப்பாங்க. காத்து காய்ஞ்சு போனா நூல் அறுந்துடும். அதனால தண்ணியைப் புகை மாதிரி தெளிச்சு ஈரத்தைச் சரியா வெச்சிருப்பாங்க. 1948-ல போட்ட தொழிற்சாலைகள் சட்டத்துல இதுக்குன்னே 15-வது பிரிவு எழுதினாங்க. தெளிக்கிற தண்ணி குடிநீரா இருக்கணும், இல்லைன்னா நல்லா சுத்தம் பண்ணினதா இருக்கணும்னு அதுல ஒரு விதி.

நூலுக்கு இவ்வளவு கவனிப்பு. ராத்திரி எட்டு மணி நேரம் அதே ஊர்க் காத்தை உறிஞ்சுற உங்க நுரையீரலுக்கு? வாங்க, அளந்து பார்த்துடலாம். பெரிய செலவு எதுவும் இல்லை!

மூக்குதான் முதல் மீட்டர்

ரூமைப் பூட்டிட்டு ரெண்டு நாள் ஊருக்குப் போயிட்டு வாங்க. திரும்பி வந்து கதவைத் திறக்கிற அந்த முதல் மூச்சு ரொம்ப முக்கியம். நனைஞ்ச சாக்கு மாதிரி மக்கின வாடை வந்தா, எங்கேயோ பூசணம் பூத்திருக்குனு அர்த்தம். உள்ளேயே இருந்தா அஞ்சு நிமிஷத்துல மூக்கு பழகிடும், அப்புறம் எதுவும் தெரியாது.

அடுத்தது டார்ச். செல்போன் லைட்டைச் சுவத்து மேல சாய்வா அடிச்சுப் பாருங்க. பீரோவுக்குப் பின்னாடி, மெத்தைக்கு அடியில, பாத்ரூமை ஒட்டின சுவர், பரண்ல கிடக்கற அட்டைப் பெட்டி, மூலையில கிடக்கற பழைய ஷூ... இதெல்லாம்தான் பூசணத்தோட ஃபேவரைட் ஸ்பாட்.

வெள்ளையா பூத்திருந்தா உடனே பயப்பட வேண்டாம். அது உப்பா இருக்கலாம். கொஞ்சம் சுரண்டி எடுத்து ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க. கரைஞ்சு காணாமப் போனா உப்பு. கரையாம பிசுபிசுனு இழுவினா பூசணமா இருக்க வாய்ப்பு அதிகம். ஆனா உப்புன்னாலும் 'அப்பாடா'னு உட்கார்ந்துடாதீங்க. சுவத்துக்குள்ள தண்ணி ஓடுது, அதுதான் உப்பை வெளியே தள்ளுதுனு அர்த்தம்!

பாலிதீன் டெஸ்ட்

ஓதம் எங்கே இருந்து வருது? கண்டுபிடிக்க ஒண்ணரை அடிக்கு ஒண்ணரை அடி பாலிதீன் ஷீட் போதும். சந்தேகமான இடத்துல நாலு பக்கமும் டேப் போட்டுக் காத்துப் புகாம ஒட்டுங்க. சிமென்ட் தரையில ஈரம் பார்க்கக் கட்டடக்காரங்க செய்யற டெஸ்ட்தான் இது. குறைஞ்சது 16 மணி நேரம் விடணும். ஒரு நாள் முழுக்க விட்டா இன்னும் நல்லது.

ஷீட்டுக்கு உள்பக்கம் முத்து முத்தா நீர் கோத்திருந்தா, தண்ணி சுவத்துக்குள்ள இருந்து வருது. பைப் கசிவு, மொட்டை மாடி விரிசல், தரையில இருந்து ஏறுற ஓதம்... இந்த மூணுல ஒண்ணு. வெளிப்பக்கம் ஈரமா இருந்தா, குற்றவாளி ரூம் காத்து. அதாவது, ரூமுக்குள்ளயே கொடி கட்டி ஜீன்ஸ் காயப்போடற நீங்கதான்! ஜீன்ஸ்ல இருக்கற தண்ணி எங்கே போகும்? காத்துலதான் கலக்கும்.

மில் மீட்டர் வீட்டுல

ஈரத்தை அளக்கிற டிஜிட்டல் மீட்டர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்குது. அது சரியா காட்டுதானு பார்க்க ஒரு டெக்னிக். ஒரு மூடியில கல்லுப்பு போட்டு, சேறு மாதிரி ஆகற அளவுக்கு மட்டும் தண்ணி விடுங்க. அதையும் மீட்டரையும் ஒரு டப்பாவுல வெச்சு இறுக்கி மூடி, ஒரு ராத்திரி விடுங்க. மீட்டர் 75 சதவிகிதம் காட்டணும். 80 காட்டினா, இனிமே எப்பவும் அஞ்சைக் கழிச்சுக்கோங்க.

அந்தக் காசும் இல்லையா? ஒரே மாதிரி ரெண்டு தெர்மாமீட்டர் தேடிப் பிடிங்க. காய்ச்சல் பார்க்கிறது இல்லை, கெமிஸ்ட்ரி லேப்ல இருக்கிற ரகம். ஒண்ணோட முனையில பனியன் துணி வேஸ்ட்டைச் சுத்தி, துணியோட வால் தண்ணிக் கிண்ணத்துல இருக்கற மாதிரி வைங்க. நம்ம ஊர்ல பனியன் வேஸ்ட்டுக்கா பஞ்சம்? ஒரு விசிறியால நல்லா விசிறிட்டு ரெண்டையும் படிங்க. காய்ஞ்சது 28 டிகிரி, நனைஞ்சது 22 டிகிரி காட்டினா ஈரப்பதம் சுமார் 60 சதவிகிதம். நனைஞ்சது 25 காட்டினா கிட்டத்தட்ட 78. வித்தியாசம் குறையக் குறைய ஈரம் அதிகம். பழைய மில்கள்ல சுவத்துல தொங்கின மீட்டரும் இதே கதைதான்.

மழை நாள்ல ஏறத்தான் செய்யும். ஆனா வெயில் நாள்லயும் ரூமுக்குள்ள 60-க்கு மேலயே நின்னா உஷார்! நனைஞ்ச பொருள்ல பூசணம் பிடிக்க ஒண்ணு ரெண்டு நாளே போதும்.

காசைக் கரியாக்காதீங்க

'பூஞ்சை டெஸ்ட் கிட்'னு ஒரு தட்டு விப்பாங்க. திறந்து வெச்சா ரெண்டு நாள்ல பச்சைப் பசேல்னு முளைக்கும். அது எந்த வீட்டுல வெச்சாலும் முளைக்கும் பாஸ்! பூஞ்சை விதை இல்லாத காத்தே கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2009-ல வீட்டு ஓதம், பூஞ்சை பத்தியே ஒரு தனிப் புத்தகம் போட்டுச்சு. அதுலயும் 'இத்தனை விதை வரைக்கும் ஓகே'னு ஒரு கணக்குக் கொடுக்கலை. ஓதத்தை நிறுத்துங்கன்னுதான் சொல்லுச்சு. கண்ணுக்குத் தெரிஞ்சாலோ வாடை வந்தாலோ டெஸ்ட் முடிஞ்சுது. அது என்ன ஜாதிப் பூசணம்னு ஆராய வேண்டாம், தண்ணியைத் தேடுங்க.

தூசி அளக்கிற மீட்டர் ஃப்ரெண்ட்கிட்ட இருந்தா ஒரு நாள் கடன் வாங்குங்க. பி.எம். 2.5-ங்கிற நுண்தூசிக்கு 24 மணி நேர சராசரியா நம்ம நாட்டு வரம்பு, கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல சொன்னது 15. ஜன்னலைச் சாத்தி, கொசுவத்திச் சுருளைப் பத்தவெச்சுட்டு மீட்டரைப் பாருங்க, ஆட்டம் போடும்! ஒரு சுருள் எரிஞ்சு முடியறப்போ வர்ற நுண்தூசி, 75-லேர்ந்து 137 சிகரெட் வரைக்கும் வர்ற தூசிக்குச் சமம்னு 2003-ல ஒரு ஆய்வு சொல்லுச்சு. 'தம் அடிக்கிற பழக்கமே இல்லை'னு சொல்ற நல்ல பையன்களே, கொசுவலை வாங்குங்க!

வீட்டுல பிசிறு வெட்டற வேலை நடக்குதா? பஞ்சுத் தூசியைப் பெருக்கினா பறக்கும். ஈரத்துணியால துடைங்க, அந்தத் துணியை வெயில்ல காயப்போடுங்க. மில்லுக்குப் போற அப்பாவுக்கு லீவு முடிஞ்சு வேலைக்குப் போற முதல் நாள் மட்டும் நெஞ்சு இறுக்குதானு கேளுங்க. பருத்தித் தூசியால வர்ற நுரையீரல் நோய் அப்படித்தான் ஆரம்பிக்கும். உடனே டாக்டர்.

ஹவுஸ் ஓனர்கிட்ட எப்படிப் பேச?

சின்ன இடம்னா மூக்கு வாயை மூடிக்கிட்டு, சோப்புத் தண்ணியால தேய்ச்சுக் கழுவி, ஃபேன் போட்டுக் காய விடுங்க. ஊறிப்போன மெத்தையும் அட்டைப் பெட்டியும் குப்பைக்கு. பிளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் ஆசிட்டையும் எந்தக் காரணத்துக்காகவும் கலந்துடாதீங்க. குளோரின் வாயு வரும், ஆளையே சாய்ச்சுடும். 10 சதுர அடிக்கு மேல பரவியிருந்தா நீங்களே இறங்காதீங்க. அது ஓனர் ஆள் வெச்சுச் செய்ய வேண்டிய வேலை.

"ஏனுங்கண்ணா, சுவரு ஓதம் காத்துக் கெடக்குதுங்க"ன்னா, "பொங்கலுக்கு வெள்ளையடிச்சா சரியாப் போயிருங் தம்பி"ன்னு பதில் வரும். இந்த இடத்துல இங்கிலாந்துக் கதை ஒண்ணைத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. ராச்டேல்னு ஒரு ஊர். பூசணம் பிடிச்ச வாடகை வீடு. 2017-ல அப்பா புகார் பண்ணினப்போ, பெயின்ட் அடிச்சுக்கச் சொன்னாங்க. 2020 டிசம்பர்ல அவரோட 2 வயசுப் பையன் மூச்சுத் திணறி இறந்துட்டான். பூசணம்தான் காரணம்னு 2022-ல மரண விசாரணை அதிகாரி சொன்னார். 2023-ல அந்தக் குழந்தை பேர்லயே 'ஆவாப் சட்டம்' வந்துச்சு. 2025 அக்டோபர்லேர்ந்து, பொது வாடகை வீடுகள்ல ஓதம்னு புகார் வந்தா குறிப்பிட்ட நாளுக்குள்ள கவனிச்சே ஆகணும்.

நமக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. அதனால ஆதாரம் சேருங்க. கறையோட ஓரத்தைச் சுத்தி பென்சில் கோடு, பக்கத்துல தேதி. வாரம் ஒரு போட்டோ. பாலிதீன் ஷீட் போட்டோவும் சேர்த்து, "கசிவை நிறுத்திக் காய வெச்சுட்டு அப்புறமா வெள்ளையடிக்கலாங்ண்ணா"னு மரியாதையா காட்டுங்க. கோட்டைத் தாண்டி ஒரு ஜாண் வளர்ந்த கறையைப் பார்த்துட்டு, 'நீ பொய் சொல்றே'னு யாரும் சொல்ல முடியாது.

ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா மட்டும், சுவத்தைக் குத்தம் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க. அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க, சளிப் பரிசோதனை இலவசம்.

மத்தபடி இன்னிக்கு சாயங்காலம் ஒரே ஒரு வேலை. கட்டிலைச் சுவத்துல இருந்து அரை அடி தள்ளிப் போட்டுட்டு, ஜன்னலைத் திறங்க. காத்தாடி சுத்துற காத்து, வாசல்லயே காத்துக்கிட்டு இருக்கு!