இளையோர் இதழும் பக்க அமைப்பும்: கொச்சியிலிருந்து வந்த ‘பூந்தளிர்’

இளையோருக்கு இதழ் நடத்துவது என்றால் கதை நாலு, பொன்மொழி பத்து சேர்த்து அச்சுக்கு அனுப்பிவிடுவது என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். எந்தப் பக்கத்தில் எது வர வேண்டும், எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், ஒரு பக்கத்தில் எத்தனை வரி தாங்கும் என்று தீர்மானிப்பதுதான் பாதி வேலை. சென்னையிலோ மதுரையிலோ வளர்கிற பிள்ளைக்கு இது வெறும் அழகு சம்பந்தப்பட்ட விஷயம். கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மறையூர், குமுளி பக்கம் வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் மலையாளமோ இங்கிலீஷோ படிக்கிற பிள்ளைக்கு, இதழைப் படிப்பதா மூடி வைப்பதா என்பதே இதில்தான் இருக்கிறது. வெளி மாநிலத்தில் வாழும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான்.

இதற்கு நல்ல உதாரணம் கேரளத்திலேயே உண்டு. மலையாளத்தில் ‘பூம்பாற்ற’ (வண்ணத்துப்பூச்சி என்று பொருள்) இதழை நடத்திய கொச்சியின் பைகோ நிறுவனம், 1984இல் தமிழில் ‘பூந்தளிர்’ இதழைத் தொடங்கிற்று. ஆசிரியர் வாண்டுமாமா. புதுக்கோட்டைப் பக்கம் அரிமளத்தில் பிறந்தவர், இயற்பெயர் வி. கிருஷ்ணமூர்த்தி, 2014இல் மறைந்தார். பெரியவர்களுக்கு எழுதும்போது ‘கௌசிகன்’, சிறுவர்களுக்கு எழுதும்போது ‘வாண்டுமாமா’. வாசகன் மாறினால் எழுதுகிறவனே வேறு ஆளாகிவிட வேண்டும் என்று தெரிந்தவர் அவர். அது எல்லாருக்கும் வராது.

பூந்தளிரில் வந்த படக்கதைகளில் பல பிற மொழியிலிருந்து எடுத்தவை. அப்படியிருந்தும் அந்நியமாகத் தெரியவில்லை. டிங்கிள் இதழின் ‘ஷிகாரி ஷம்பு’ தமிழில் ‘வேட்டைக்கார வேம்பு’ ஆனான். காலியா என்கிற காகம் ‘காக்கை காளி’ ஆயிற்று. மோனையும் போகவில்லை, பொருளும் போகவில்லை. பேரை இப்படி மாற்றுவதையும் இதழ் அமைப்பில் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன். ஏனென்றால் மலையாளம் படித்த பிள்ளைக்கு க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் நாலு எழுத்து பழக்கம். தமிழில் ஒரே ‘ப’வைப் பார்த்ததும் இது பாட்டு ‘பா’வா, பாபு ‘பா’வா என்று ஒரு நிமிஷம் நிற்கும். நாலு தடவை நின்றால் புத்தகம் கீழே போய்விடும். வேம்பு, காளி என்ற பேரில் அந்தத் தடுமாற்றமே இல்லை.

அதே 1984இல் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் வந்தது. மாடஸ்டியைக் கதாநாயகியாக வைத்து, கொஞ்சம் வளர்ந்த பையன்களைக் குறிவைத்தது. மீசை அரும்புகிற வயசுக்காரனுக்குச் சிறுவர் பத்திரிகை கூச்சம், வார இதழ் சலிப்பு. அந்த இடைவெளி இன்றும் இருக்கத்தான் செய்கிறது.

படக்கதையில் பெரிய தலைவலி பேச்சுக் கூண்டு. இங்கிலீஷில் குட்டிக் குட்டியாக மூன்று சொல்லில் முடிவது, தமிழில் ‘போகமுடியவில்லை’ என்று ஒரே சொல்லாக எட்டு எழுத்து நீளும். நடுவில் ஒடித்து இரண்டு வரியாக்கினால் புதிதாகப் படிக்கிற பிள்ளைக்கு அது இரண்டு சொல்லாகிவிடும். எழுத்தைச் சிறிதாக்கினால் கண் ஓடாது. ஆகவே வசனத்தையே திருப்பி எழுத வேண்டும். ‘போக முடியலே’ என்று பேச்சுத் தமிழில் போட்டால் கூண்டுக்குள் அடங்கும், வீட்டில் கேட்ட மொழியாகவும் இருக்கும். பண்டிதர்கள் கோபிக்கலாம். பிள்ளை படிக்குமே!

இன்னொன்று, அச்சகக்காரர் மட்டும் அறிந்த கணக்கு. 16 பக்கம் ஒரு பாரம். அது ஒரே தாளின் இரண்டு புறமும் அச்சாகி மடிகிறது. ஒரு புறத்துக்கு மட்டும் வண்ணம் போட்டால் 1, 4, 5, 8, 9, 12, 13, 16 ஆகிய பக்கங்களுக்குத்தான் வண்ணம் கிடைக்கும். மற்ற எட்டும் கறுப்பு வெள்ளை. எதிரெதிராக விரியும் வண்ண ஜோடி என்று பார்த்தால் 4-5, 8-9, 12-13, அவ்வளவுதான். செலவு கட்டுப்படியாக வேண்டுமென்றால் முதலில் இந்த மூன்று ஜோடியை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டுத்தான் கதையே கேட்க வேண்டும். வியாபாரியாகச் சொல்கிறேன், கடையில் கண்ணில் படுகிற அலமாரியில் எதை வைப்பது என்பது போலத்தான் இதுவும்.

நம் சங்க மலர்களைப் புரட்டிப் பாருங்கள். வண்ண ஜோடிகளில் வாழ்த்துச் செய்தியும் விளம்பரமும் இருக்கும். ‘இளையோர் பகுதி’ கடைசியில், பொடி எழுத்தில், இடம் மிச்சமிருந்தால் வரும். அதையும் பெரும்பாலும் பெரியவர்களே எழுதியிருப்போம். டிங்கிளின் சுப்பாண்டி, தமிழ்நாட்டு வாசகர் ஒருவர் அனுப்பிய நாட்டுப்புறக் கதையிலிருந்து பிறந்தவன் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அடுத்த மலரில் 8-9 ஜோடியைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, அவர்களே எழுதி, அவர்களே படம் போட்டு, எழுத்து அளவையும் அவர்களே சொல்லட்டும். விளம்பரம் தருகிறவர்களில் நானும் ஒருவன்; என் கடை விளம்பரம் கறுப்பு வெள்ளையில் வந்தாலும் போதும்.