வலிக்குரிய சொற்கள்: நோய்த்தணிப்புப் பராமரிப்பும் வீட்டுத் தமிழும்

‘நோய்’ என்பதை இன்று நாம் காய்ச்சல், நீரிழிவு, புற்று முதலிய பிணிகளின் பொதுப்பெயராகவே வழங்குகிறோம். அச்சொல்லின் பழைய ஆட்சி இதனினும் விரிந்தது. ‘நோ’ என்னும் வினையடியிலிருந்து பிறந்த அது, நொந்து வருந்தும் நிலை எதனையும் குறித்தது. பிரிந்தோர் படும் துயரமும் சங்கப் பாடல்களில் நோய்தான். இலங்கைத் தமிழர் இன்றும் ‘நோகுது’ என்று சொல்கிறார்கள். ‘வலி’ என்பதோ முன்னாளில் ஆற்றலைக் குறித்த சொல். திருக்குறளின் ‘வலியறிதல்’ உடல்வேதனை பற்றிய அதிகாரமன்று என்பதை மாணவர் அறிவர்.

இந்தச் சொல்வரலாற்றை மனத்திற்கொண்டு பார்த்தால் ‘நோய்த்தணிப்புப் பராமரிப்பு’ என்னும் இக்காலத் தொடர் மிகவும் பொருத்தமாக அமைந்திருப்பது விளங்கும். பிணியை வேரோடு களைவதாக அது வாக்களிக்கவில்லை. நோயாளி படும் நோவைத் தணிப்பதாகச் சொல்கிறது. மருத்துவத்தின் இந்தப் பிரிவு செய்வதும் அதுவே. குணப்படுத்த இயலாத அல்லது உயிருக்கு ஊறு விளைவிக்கக்கூடிய பிணியுற்றவரின் வலி, மூச்சுத்திணறல், குமட்டல், உறக்கமின்மை ஆகியவற்றைக் குறைப்பது. அவருடைய அச்சத்தையும் குடும்பத்தாரின் தவிப்பையும் கேட்டு உடனிருப்பது. இவை அதன் பணிகள். புற்றுநோயாளிகளுக்கு மட்டும் உரியது என்று பலர் எண்ணுகின்றனர். இதயம், சிறுநீரகம், நுரையீரல் செயலிழந்து வருவோருக்கும் முதுமறதி முற்றியோருக்கும் அது உரியது. உலகச் சுகாதார நிறுவனக் கணக்கின்படி ஆண்டுதோறும் 5 கோடியே 68 இலட்சம் பேருக்கு இப்பராமரிப்புத் தேவைப்படுகிறது. பெறுவோர் ஏறத்தாழ 14 விழுக்காட்டினரே.

இத்துறையின் பெயரே ஒரு மொழிச்சிக்கலிலிருந்து தோன்றியது என்பது மொழியியலாளராகிய நமக்குச் சுவையான செய்தி. சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் 1967-இல் இலண்டனில் செயின்ட் கிறிஸ்டபர்ஸ் இல்லத்தைத் தொடங்கியபோது அதனை ‘ஹாஸ்பிஸ்’ என்றார். விருந்தினரையும் விருந்தோம்புபவரையும் ஒருங்கே குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது அது. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் அவ்வகைப் பிரிவொன்றை 1975-இல் தொடங்கிய பால்ஃபர் மவுண்ட் என்னும் மருத்துவருக்கு அப்பெயர் உதவவில்லை. அந்நகரின் பிரெஞ்சு மொழியில் அது ஆதரவற்றோர் ஒதுங்கும் விடுதியை நினைவூட்டியது. நோயாளிகள் அஞ்சி விலகுவர் எனக் கண்ட அவர் ‘பாலியேட்டிவ்’ என்னும் சொல்லைத் தேர்ந்தார். இலத்தீனில் மேலாடையைக் குறிக்கும் ‘பாலியம்’ அதன் வேர். போர்த்திக் காப்பது என்பது கருத்து.

நம் சூழலிலும் பெயர்ச்சிக்கல் இருக்கிறது. சிங்கப்பூரில் இப்பராமரிப்பு முழுவதையும் ‘அந்திமகாலப் பராமரிப்பு’ என்றே குறிக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. ‘அந்திமம்’ என்றாலே இறுதி. இறுதிச் சில நாள்களில் தரப்படும் பராமரிப்புக்கு அப்பெயர் தகும். முழுத் துறைக்கும் அதனைச் சூட்டுவது தீங்கு பயக்கும் என்பது நம் கருத்து. மருத்துவர் இப்பராமரிப்பைப் பரிந்துரைத்தவுடன் ‘அப்படியானால் கையை விரித்துவிட்டார்கள்’ என்று குடும்பம் பொருள்கொள்கிறது. ‘இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை’ என்று மறுக்கிறது. வலியோடு கழியும் அந்த மாதங்களுக்கு ஒரு சொல்லும் காரணமாகிறது. பாஸ்டன் நகரில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளர் 151 பேரிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலேயே நோய்த்தணிப்பும் பெற்றவர்கள் இடைநிலை அளவில் 11.6 மாதம் வாழ்ந்தனர், பெறாதவர்கள் 8.9 மாதம். அப்பராமரிப்பு ஆயுளைச் சுருக்கும் என்று அஞ்சுவோர் இவ்விரு எண்களையும் அறிந்திருப்பது நல்லது.

சிங்கப்பூரில் இத்துறையின் வரலாறு ஏறத்தாழ நாற்பதாண்டுகளே உடையது. அதற்கு முன் சைனாடவுனின் சாகோ லேனில் சாவு இல்லங்கள் இருந்தன. நெருக்கமான கடைவீட்டு அறைகளில் வாழ்ந்த சீனத் தொழிலாளர்கள் இறுதி நாள்களைக் கழிக்க அங்கே கொண்டுவரப்பட்டனர். 1961-இல் அவை தடைசெய்யப்பட்டன. 1985-இல் செயின்ட் ஜோசப் இல்லம் 16 படுக்கைகளை இறுதிநிலை நோயாளிகளுக்கு ஒதுக்கியது. 1989-இல் தொடங்கிய சங்கம், எச்சிஏ ஹாஸ்பிஸ் என்னும் பெயரில் இன்றும் நோயாளிகளின் வீடுகளுக்கே மருத்துவரையும் தாதியரையும் இலவசமாக அனுப்பி வருகிறது. சிராங்கூன் சாலையில் உள்ள குவோங் வாய் ஷியூ மருத்துவமனை வளாகத்தில் அதன் அலுவலகம் இருக்கிறது. லிட்டில் இந்தியாவிலிருந்து அதிகத் தொலைவில்லை. எனினும் நம்மவர் பலர் அதனைக் கேள்விப்பட்டதில்லை. அசிசி, டோவர் பார்க் ஆகிய இல்லங்களும் உண்டு.

இனி, செங்காங்கிற்கு வருவோம். 1990-களில் எழுந்த இந்நகரில் இளங்குடும்பங்கள் குடியேறின. அவர்களோடு வாழவந்த பெற்றோர் இப்போது எழுபதும் எண்பதும் கடந்தவர்கள். 2018-இல் செங்காங் பொது மருத்துவமனையும் அதனையடுத்துச் செங்காங் சமூக மருத்துவமனையும் திறக்கப்பட்டபின், அம்முதியோர் பலருக்குப் பிணியும் மருத்துவமும் வீட்டுக்கு அருகிலேயே அமைந்துவிட்டன. இத்தகைய முதியவர் ஒருவரின் படுக்கையருகே நடைபெறக்கூடிய உரையாடலை எண்ணிப் பார்க்கலாம். மருத்துவர் சீனர், தாதி பிலிப்பீன்ஸ் நாட்டவர், மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றுவிட்டார்கள், பள்ளி விடுமுறையில் இருக்கும் பேத்திதான் மொழிபெயர்க்கிறாள். தாத்தா சொல்கிறார்: “காலெல்லாம் ஒரே உளைச்சலா இருக்கும்மா. ராத்திரியானா எரிச்சல் வேற. ஒரே கடுப்பு.” பேத்தி தான் அறிந்தவாறு ஆங்கிலத்தில் சொல்கிறாள்: தாத்தா மனஅழுத்தத்தில் இருக்கிறார்; இரவில் அவருக்குக் கோபம் வருகிறது; எல்லார் மேலும் வெறுப்பாக இருக்கிறார்.

பேத்தி தமிழ் தெரியாதவளல்லள். தேர்வில் நல்ல மதிப்பெண் பெறுபவளாகவே இருக்கலாம். பிழை வேறிடத்தில் இருக்கிறது. கடந்த ஒன்றிரண்டு தலைமுறைகளில் தமிழின் உடல்வலிச் சொற்கள் பல, உடம்பைவிட்டு மனத்திற்குக் குடிபெயர்ந்துவிட்டன. ‘உளைச்சல்’ என்பது கைகால்களில் இடைவிடாது நிற்கும் நோவு. இன்று அச்சொல் பாடநூலிலும் செய்தியிலும் பெரும்பாலும் ‘மன உளைச்சல்’ என்ற இணைப்பிலேயே வருகிறது. ‘குடைச்சல்’ எலும்புக்குள் துளைப்பதுபோன்ற வலி. இன்று அது தொந்தரவு. ‘கடுப்பு’ நீர்க்கடுப்பிலும் வயிற்றுக்கடுப்பிலும் கால்கடுப்பிலும் வந்த சொல்; இளையோர் வாயில் அது சினத்தின் பெயர். ‘எரிச்சல்’ தோலிலும் நரம்பிலும் தோன்றுவது. இன்று பிறர் செயலால் நமக்கு வருவது. உடலிலிருந்து உள்ளத்திற்குப் பொருள் பெயர்வது எல்லா மொழிகளிலும் காணப்படும் இயல்பே; அதனைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும் ஒரே வீட்டில் பழம்பொருளைப் பேசுபவரும் புதுப்பொருளை மட்டுமே அறிந்தவரும் வாழும்போது, அந்த இடைவெளியில் நோயாளி வலியோடு கிடக்க நேர்கிறது.

இவ்விழப்பு எத்துணைப் பெரிது என்பதை மருத்துவம் தெரிந்தால்தான் உணரலாம். நோய்த்தணிப்பில் வலியின் அளவோடு வலியின் வகையும் கேட்கப்படுகிறது. பூச்சியத்திலிருந்து பத்துவரை எண்ணொன்று சொல்லுமாறு தாதி கேட்பார். அந்த எண் அளவைக் காட்டும். வகையைச் சொல்தான் காட்டும். எரிச்சல், சுரீரென மின்சாரம் பாய்வது, ஊசி குத்துவதுபோன்ற குறுகுறுப்பு ஆகியவை நரம்பு பாதிக்கப்பட்டதன் அறிகுறிகள். அவ்வலிக்கு மார்ஃபின் மட்டும் போதாமற்போகலாம். காபாபென்டின் போன்ற மருந்தைச் சேர்ப்பர். ஓரிடத்தில் ஆழ்ந்து நிற்கும் குடைச்சல், புற்று எலும்பில் பரவியிருப்பதைக் காட்டக்கூடும். அதற்குக் கதிரியக்கச் சிகிச்சை, சில வேளைகளில் ஒரேமுறை தந்தாலும், பயன் தரும். வயிற்றை முறுக்கிப் பிசைந்து விட்டுவிட்டு வரும் வலி குடல் அடைப்பை நினைக்கச் செய்யும். அதற்குரிய மருந்து வேறு. ‘விண்விண்’ என்று தெறிப்பதும் ‘சுருக்’கென்று தைப்பதும் வேறுவேறு செய்திகள். தொடக்கப்பள்ளியில் இரட்டைக்கிளவியையும் ஒலிக்குறிப்பையும் கற்பிக்கும் ஆசிரியர்கள் ‘சலசல’, ‘படபட’ ஆகியவற்றோடு இவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் தமிழை மிகுதியாகப் பேசுவோர் சிங்கப்பூர்வாசிகளுள் 2.5 விழுக்காட்டினர். ஆகவே அச்சொற்கள் தாமாகவே வீட்டில் கைமாறும் என்று இருந்துவிட முடியாது.

மார்ஃபினைப் பற்றி ஒரு சொல். அதன் பெயரைக் கேட்டவுடன் குடும்பங்கள் அஞ்சுகின்றன. அடிமையாக்கிவிடும், சாவை விரைவுபடுத்தும் என்கின்றனர். தேவைக்கேற்ப அளந்து, சிறிது சிறிதாக உயர்த்தித் தரும்போது அந்த அச்சத்திற்கு இடமில்லை. மூச்சுத்திணறலின் வேதனையையும் அது குறைக்கும். நடைமுறையில் பெரிதும் தொல்லை தருவது மலச்சிக்கல். ஆதலால் தொடக்கத்திலேயே பேதிமருந்தும் சேர்த்துத் தருவர்.

இன்னொரு மொழிவழக்கையும் இங்கே ஆராய வேண்டும். செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம் என இலக்கணம் கற்பிக்கிறது. ‘இறந்தார்’ என்பதும் தொடக்கத்தில் ‘கடந்தார்’ என்னும் பொருளுடைய மங்கலச் சொல்லே. ‘இறந்த காலம்’ என்னும் தொடரில் அப்பழம்பொருள் இன்னும் இருக்கிறது. காலமானார், தவறிவிட்டார், இறைவனடி சேர்ந்தார் என எத்தனை போர்வைகள்! இறந்தவரைப் பற்றிப் பேசுகையில் இவை இரக்கத்தின் மொழி. வாழ்ந்துகொண்டிருப்பவரிடம் இதே மறைப்பு வேறுவிதமாகத் தொழிற்படுகிறது. ‘அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்’ என்று பிள்ளைகள் மருத்துவரை வேண்டுகின்றனர். தந்தையோ தம் உடம்பு சொல்வதைக் கேட்டு முன்பே அறிந்திருக்கிறார்; பிள்ளைகள் கலங்குவர் என்று அவரும் பேசுவதில்லை. இரு தரப்பாரும் அன்பினால் வாய்மூடியிருக்க, வீட்டுப் பத்திரம் எங்கே, ஊரிலுள்ள தங்கையைப் பார்க்க வேண்டுமா, எவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பன எல்லாம் சொல்லப்படாமலேயே போகின்றன. இதனை நாம் ஏற்பதற்கில்லை.

அதற்காக முகத்துக்கு நேரே உடைத்துச் சொல்வதுதான் நேர்மை என்பதும் இல்லை. தமிழின் நிபந்தனை எச்சம் இங்கே நல்ல கருவி. “எங்கே இறக்க விரும்புகிறீர்கள்?” என்று எந்த மகளும் கேட்கமாட்டாள். “அப்பா, உடம்பு இன்னும் தளர்ந்தால் வீட்டிலேயே இருக்க ஆசைப்படுகிறீர்களா, ஆஸ்பத்திரியில் இருந்தால் தெம்பாக இருக்குமா?” என்று கேட்கலாம். அவர் விடை சொல்வார். அல்லது ‘அதெல்லாம் இப்போ எதுக்கு’ என்பார். பின்னதும் ஒரு விடைதான். சிலநாள் கழித்து மீண்டும் கேட்கலாம். லியன் அறநிறுவனம் 2014-இல் வெளியிட்ட கருத்தாய்வில் 77 விழுக்காட்டினர் வீட்டிலேயே இறக்க விரும்புவதாகக் கூறினர். ஆனால் மருத்துவமனைகளில் நிகழ்ந்த இறப்புகள் 61 விழுக்காடு. அதனை 2027-க்குள் 51 விழுக்காடாகக் குறைக்கச் சுகாதார அமைச்சு 2023-இல் இலக்கு வகுத்தது. கேட்கப்படாத விருப்பத்தை நிறைவேற்ற எந்த அமைச்சாலும் இயலாது. முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடல் என்று 2011 முதல் இங்கு நடைபெறுவது, அடிப்படையில் இவ்வுரையாடலைப் பயிற்சி பெற்ற ஒருவர் துணையுடன் நடத்திப் பதிவுசெய்வதே. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த முன்கூட்டிய மருத்துவ உத்தரவு தனியானதொரு சட்ட ஆவணம். இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்ளலாகாது.

உணவைப் பற்றிய கவலை நம் வீடுகளில் தனித்தன்மை வாய்ந்தது. ‘பட்டினியாகப் போகவிடுவதா’ என்று தாய்மார் கரைகின்றனர். இறுதி நாள்களில் உடல் உணவை நாடுவதில்லை. உண்ணாமையால் அவர் இறப்பதில்லை, இறந்துகொண்டிருப்பதால் உண்ணாதிருக்கிறார். விழுங்கும் ஆற்றல் குன்றியவர் வாயில் கஞ்சியை ஊட்டினால் அது நுரையீரலுக்குள் சென்றுவிடும் ஆபத்தும் உண்டு. அந்நிலையில் தாதியர் செய்வது, நனைத்த பஞ்சுக்குச்சியால் உதடுகளையும் நாவையும் ஈரமாக்குவது. நம் மரபில் உற்றார் ஒவ்வொருவராக வந்து துளித்துளியாகப் பாலோ துளசிநீரோ விடுகிறார்களே, அதனை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தாதியிடம் முன்னரே சொல்லிவைத்தால், அவர் தலையைச் சற்று உயர்த்திவைத்து, பஞ்சில் நனைத்து எப்படி விடுவது என்று காட்டுவார். சடங்கு முறையாக நடக்கும், மூச்சும் அடைபடாது.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், மருத்துவத்தின் நான்கு கூறுகளாக நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு அருகிருந்து பணிசெய்பவனையும் எண்ணுகிறது. செங்காங் வீடுகளில் அந்த நான்காமவர் பலவேளைகளில் இந்தோனேசியாவிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்த பணிப்பெண். ‘குடைச்சல்’ அவருக்கும் தெரியாது. ஆகவே ஒரு சிறு வேலையை மாணவர்களிடம் ஒப்படைக்கலாம். தாத்தாவோ பாட்டியோ நலமாக இருக்கும்போதே, அவர்கள் வலியைச் சொல்லும் சொற்களை அவர்களிடமே கேட்டு ஒரு தாளில் எழுத வேண்டும். எந்தச் சொல், உடம்பில் எந்த இடம், தொட்டால் எப்படி, இரவிலா பகலிலா என்று நான்கு பத்திகள் போதும். எதிரே ஆங்கிலத்தில் ஒரு வரி விளக்கம். பத்துப் பன்னிரண்டு சொற்கள் சேரும். அத்தாளின் ஒரு படி குளிர்பதனப்பெட்டியின் கதவிலும், இன்னொரு படி மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லும் கோப்பிலும் இருக்கட்டும்.